காலிக் கோட்டை: செலவில்லாமல் சுற்ற

இலங்கையின் தெற்கே காலி நகரிலுள்ள இந்தக் கோட்டைக்குள் நுழையவோ மதிலில் நடக்கவோ கட்டணம் கிடையாது. காசு கரைவது உள்ளேயிருக்கும் கஃபேக்களிலும் விடுதிகளிலும்தான். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் காலிக்கு முன்பதிவில்லா மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து, ரயில் போகும் திசைக்கு வலப்பக்கம் உட்காருங்கள். கடல் அந்தப் பக்கம். வார இறுதியில் நின்றுதான் போக வேண்டியிருக்கும்.

மதிலில் நிழலே இல்லை. மாலை நாலரைக்குமேல், 1939இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, தென்முனைக் கொத்தளமான ஃபிளாக் ராக் வழியாக மேற்கு மதிலில் நடந்தால் சூரியன் மறைவது எதிரே தெரியும்; பிறகு மணிக்கூண்டருகே இறங்கலாம். எதிர்த்திசையில் போனால் அந்த நேரத்தில் கிழக்குப் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள். விளிம்பில் கைப்பிடி கிடையாது, பிள்ளைகள் கவனம். ஃபிளாக் ராக்கில் கடலில் குதித்துக் காட்டுபவர்கள் காசு கேட்பார்கள், வேடிக்கை பார்க்குமுன் பேசிவிடுங்கள். சாப்பாட்டுக்கு வெளியே பஸ் நிலையப் பக்கம் வாருங்கள், சோறும் கறியும் மலிவு. திரும்பும் ரயில் நேரத்தைக் காலி நிலையத்தில் இறங்கியதுமே கேட்டு வையுங்கள்.