ரேடியோவை அணைக்கும் முன்

ஜனவரி 13, கானாடுகாத்தான்

பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாயிற்று. பயிற்சி ஆசிரியரின் திட்டு மட்டும் காதை விட்டுப் போகவில்லை. போன வாரம் நான் விமானத்தை இறக்கிய லட்சணம் சிதறுதேங்காய்தான். அந்த அதிர்ச்சியில் வால் பக்கம் இருக்கும் ஈ.எல்.டி. விழித்துக்கொண்டது. விபத்து நடந்தால் தானாகவே உதவி கேட்டுக் கத்தும் கருவி. சொந்த பேட்டரி உண்டு, என்ஜினை நிறுத்தினாலும் அது நிற்காது. நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பேனலில் சிவப்பு விளக்கு மினுக்கியிருக்கிறது, வெயிலில் கவனிக்கவில்லை. பக்கத்து விமானத்தின் ரேடியோவில்தான் பிடிபட்டது, மேலிருந்து கீழே வழுக்கும் அந்த 'பியூவ்... பியூவ்...'

ரேடியோவை அணைக்கும் முன் அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸை வைத்து அரை நிமிடம் கேட்டிருக்கலாம்.

ஜனவரி 15

முகப்பில் அப்பத்தாவிடம் கதையைச் சொன்னேன். "அது கத்துனா யாருக்குக் கேக்கும்?" என்றார். 121.5-இல் கத்தினால், பக்கத்தில் பறப்பவர்களுக்கும் தேடி வருபவர்களுக்கும் கேட்கும். செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டன. இப்போது அவை கேட்பது 406 மெகாஹெர்ட்ஸ். சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடிச் சைகை. அதில் கருவியின் அடையாள எண் இருக்கும். நம் நாட்டில் தகவல் பெங்களூரு இஸ்ரோ மையத்துக்குப் போகும். பதிவில் உள்ள போன் நம்பரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

"அந்த நம்பரு இப்பவும் இருக்கா? போன மாத்தினா நம்ம வீட்டுலயே யாரும் சொல்றதில்ல."

சரியான கேள்வி. திரும்பிப் போனதும் கேட்க வேண்டும்.

ஜனவரி 17

வளவில் உட்கார்ந்து படிப்பு. 121.5-இல் சத்தம் போகும் ஈ.எல்.டி. சோதனையை மணி பிறந்த முதல் 5 நிமிடத்துக்குள், மூன்று 'பியூவ்'களுக்கு மேல் போகாமல் முடிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க வழிகாட்டி. சுவர்க்கடிகாரம் பத்து அடித்தது. "இப்பச் செய்யலாம்" என்றேன். விமானத்தில் மணி என்றால் உலகப் பொது நேரமான யுடிசி ஆயிற்றே! நமக்குப் பத்து என்றால் அங்கே நாலரை. அப்படிப் பார்த்தால் பத்தரைக்குத்தான் முழு மணி. இந்த அரை மணி வம்பு அமெரிக்காக்காரனுக்கு ஏது?

மாலையில் பழைய செட்டிநாடு ஓடுதளம் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். உலகப் போர்க் காலத்தது. அப்புறம் எங்கள் செக்லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். '121.5 கேள்' என்று பேனாவால் எழுதிக்கொள்ள நினைத்தேன். நிறுத்தும் பகுதியில், ரேடியோ ஸ்விட்சுக்கு மேல் வரியில், அச்சிலேயே இருக்கிறது.