அழகர் வரும் சாலையில் செடியும் புத்தகமும்

மேலூரிலிருந்து மதுரைக்கு நேர் வழி ஒத்தக்கடை வழி. யானைமலையை வலப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தால் மாட்டுத்தாவணி வந்துவிடும். செடி வாங்கவும் புத்தகம் தேடவும் போகிற நாட்களில் மட்டும் நான் அழகர்கோவில் சுற்றித்தான் போவேன். நேரம் கூடுதல்தான். ஆனால் அந்தச் சாலையில் நர்சரிகள் இருக்கின்றன. அதே சாலை தல்லாகுளம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து வைகையைத் தாண்டினால் ஊருக்குள் புத்தகக் கடைகள். சித்திரையில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி, அப்பன்திருப்பதி கடந்து, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, ஆற்றில் இறங்க வரும் பாதை இது. மற்ற மாதங்களில் மண்டகப்படி மண்டபங்கள் வெறுமனே கிடக்கும். அப்போது போய்ப் பாருங்கள், சாலையே வேறு மாதிரி இருக்கும்.

இந்தத் தடவை போனதற்குக் காரணம் மல்லிச்செடி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் குண்டுமல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை, ஒரு முருங்கை, மாடியில் கத்தரி, வெண்டை. மற்றதெல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்க, மல்லி மட்டும் கோடை பிறந்தாலே வெளுக்க ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் அப்படி. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணறுகள் ஊறி, வாயில் வைக்கிற மாதிரி இருக்கும். வாய்க்கால் காய்ந்ததும் போர்த் தண்ணீர்தான் கதி. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வரும்.

இதற்கு என்ன செய்வது என்று எந்தத் தோட்டப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. ‘தேவையான அளவு நீர் ஊற்றவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். எந்தத் தண்ணீரை? மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் வீட்டில் செடி வளர்க்கிறவர்களுக்கு முதல் கேள்வியே அதுதானே. மண்ணைப் பற்றி ஒரு அத்தியாயம், உரத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் என்று எழுதுகிறவர்கள் தண்ணீரின் குணத்தை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அழகர்கோவிலில் இறங்கி, மலைமேல் நூபுர கங்கைக்கும் போய்விட்டு வந்தேன். கோடையிலும் அங்கே தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அழகருக்கு இந்தத் தீர்த்தத்தில்தான் திருமஞ்சனம். வேறு தண்ணீர் பட்டால் உற்சவர் திருமேனி கறுத்துவிடும் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நம்பிக்கை. தண்ணீருக்குத் தண்ணீர் குணம் மாறும் என்று தெரிந்த ஊர் இது. மலையடிவாரத்தில் குரங்குகளுக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினேன்.

நான் வழக்கமாகப் போகும் நர்சரி சாலையோரத்தில் பச்சை வலை கட்டிய ஒரு சின்ன இடம். பெயர்ப் பலகைகூடக் கிடையாது. ஒரு வயதான அம்மா நடத்துகிறார். வெளுத்த இலைகள் சிலவற்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“ஏந்தம்பி, கொழுந்து மொதல்ல வெளுக்குதா, அடி எல மொதல்ல வெளுக்குதா?”

“கொழுந்துதாம்மா.”

“நரம்பு பச்சையாத்தேன் இருக்கு. அப்ப இது பூச்சியில்ல. போர்த் தண்ணியா ஊத்துறீக?”

“ஆமாம்மா. வேற வழியில்ல.”

“அன்னபேதி வாங்குங்க. லிட்டருக்கு அஞ்சு கிராம் கரச்சு, வெயிலேறுறதுக்கு முன்னாடி எல நனையத் தெளிங்க. மழ பேஞ்சா அந்தத் தண்ணியப் புடிச்சு மல்லிக்கு வைங்க. தென்னைக்கெல்லாம் போர்த் தண்ணி போதும், அது தாங்கிக்கும்.”

இரண்டு கேள்வியில் முடிந்துவிட்டது. உப்பும் காரமும் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. அதனால்தான் புதுத் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். மல்லிக்கு வேளாண்துறை சொல்வதும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் இலையைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே, அந்த அறிவு பெரிது.

அவரிடம் புது மல்லி நாற்றும் வாங்கினேன். தங்கச்சிமடத்திலிருந்து வந்தது என்றார். மதுரை மல்லி என்று 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூவுக்கு, நாற்று பெரும்பாலும் இராமேஸ்வரம் பக்கத்து மணலிலிருந்துதான் வருகிறது. அங்கே வேர்விட்டு, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மண்ணில் வளர்ந்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மொட்டாக வந்து சேர்கிறது. நாற்றுக் கட்டு ஈரச் சாக்கில் சுற்றியிருந்தது. ஒவ்வொரு குச்சியையும் வேர்ப்பக்கம் தட்டிப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கித் தந்தார். கவாத்து எப்போது என்று கேட்டதற்கு, “கார்த்திக மழ விட்டதும் முழங்காலுக்கு நிறுத்தி வெட்டுங்க, ஈவு இரக்கம் பாக்காதீக” என்றார். வெட்டிவிட்டால் மாசி, பங்குனியில் புதுக்கிளை பிடித்து மொட்டு வைக்கும்.

எல்லா நர்சரியும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே சாலையில் பெரிய கடைகள் இருக்கின்றன. வாசலில் வரிசையாக ரோஜா. ஒவ்வொன்றிலும் கை அகலத்துக்குப் பூ. பெரும்பாலும் ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருகிற செடிகள். என்ன ரகம் என்று கேட்டால் “ரோஸ் சார்” என்பார்கள். நிறத்தைச் சொல்வார்கள். ஒட்டுக் கட்டியதா, எந்த வேரில் கட்டியது, ஒன்றும் தெரியாது. இது வெறும் குறை சொல்வதற்காக அல்ல. ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் தளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் வேர்ச்செடி மேலே வந்து, வாங்கிய ரோஜாவைக் கொன்றுவிடும். செடி நன்றாகத் தழைத்து நிற்கும், பூ மட்டும் வராது. எத்தனையோ வீடுகளில் “எனக்கு ரோஜா ராசியில்லை” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ராசியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. விற்றவர் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாற்றுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கும் சுற்ற முடியாது. தல்லாகுளத்தில் நண்பர் வீட்டு நிழலில் வைத்துவிட்டு, புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். 2023 ஜூலை 15-ல் திறந்தார்கள். அதற்குப் பிறகு மதுரைக்குப் படிக்க வருகிறவர்களுக்குக் குளிர்ச்சியான, வெளிச்சமான ஒரு இடம் கிடைத்துவிட்டது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கும். தோட்டக்கலை அடுக்கில் ஆங்கிலப் புத்தகங்கள் கண்ணைப் பறித்தன. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். புரட்டினால் உறைபனி போனபின் விதைக்கச் சொல்கிறது. ‘முழு வெயில்’ என்கிறது. அந்த வெயிலும் மே மாதத்து மேலூர் வெயிலும் ஒன்றா? இங்கே அக்னி நட்சத்திரத்தில் தக்காளிக்குக்கூட நிழல்வலை கட்ட வேண்டியிருக்கிறது, பூவெல்லாம் உதிர்ந்துவிடும். நமக்குக் காலம் என்றால் ஆடிப்பட்டம், ஐப்பசி மழை, மார்கழிப் பனி, பங்குனி வெயில். அந்தக் கணக்கில் எழுதிய புத்தகம் வேண்டும்.

அப்புறம் ஊருக்குள். மேலவெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணை, ரயில்வே ஸ்டேஷன் பக்கம். காந்திய நூல்களுக்கு ஊரெல்லாம் தெரிந்த கடை. இயற்கை வேளாண்மைப் புத்தகங்களுக்கும் நான் அங்கேதான் முதலில் போவேன். நின்று நிதானமாகப் படித்துப் பார்க்கலாம், யாரும் முறைப்பதில்லை. கொஞ்ச தூரத்தில் வேறொரு கடையில் வழக்கமான எரிச்சல். எல்லாப் புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை. “பிரிச்சுப் பாக்கலாமா?” என்றால் “வாங்குறதா இருந்தா பிரிங்க சார்.” உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எப்படி வாங்குவது? வேளாண்மைப் புத்தகங்கள் ஜோதிடத்துக்கும் சமையலுக்கும் நடுவே செருகப்பட்டிருந்தன. பிரித்துக் காட்டிய ஒன்றிரண்டிலும் பின்னால் சொல்லடைவு இல்லை. மாவுப்பூச்சி எந்தப் பக்கத்தில் என்று தேட வேண்டுமானால் முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். செம்பருத்தியில் வெள்ளையாக அப்பிக்கொண்டு நிற்கும்போது யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கும்? பதிப்பகத்தார் இந்த ஒரு உபகாரம் செய்தால் போதும். அந்தப் புத்தகத்தை இன்னும் பத்து வருஷம் கையில் வைத்திருப்பேன்.

புதுமண்டபத்துக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் தூணுக்குத் தூண் பாத்திரக் கடை, தையல் கடை, புத்தகக் கடை என்று இருந்ததை நினைத்துக்கொண்டேதான் போனேன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுகிறவர்களுக்கு உடுப்புத் தைக்கிற தையல்காரர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள் மூச்சுவிடட்டும், கடைகள் வெளியே போனது சரிதான் என்பது என் எண்ணம். ஆனாலும் கல்தூண் குளிர்ச்சியில் சாய்ந்து நின்று பஞ்சாங்கமும் சின்னச் சின்ன கைமருத்துவப் புத்தகங்களும் புரட்டிய சுகம் புது இடத்தில் கிடைக்கவில்லை. பஞ்சாங்கம் மட்டும் வாங்கினேன்.

கடைசியாக ஒரு பழைய புத்தகக் கடை. சந்துக்குள் இருக்கிறது. பள்ளி நோட்ஸ், பொறியியல் புத்தகங்கள், வாரப் பத்திரிகைக் கட்டுகள். தரையில் குந்தி உட்கார்ந்து கீழடுக்கைக் கிளற வேண்டும். தூசிக்குத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கிளறினேன். ஒரு கட்டுக்குள்ளிருந்து மல்லிகை சாகுபடி பற்றிய பழைய கையேடு ஒன்று வந்தது. அட்டை கிழிந்துவிட்டது. பதிப்பு ஆண்டு இருந்த பக்கம் இல்லை. ராமபாணப்பூச்சி ஓரங்களை அரித்திருந்தது. உள்ளே, அச்சடித்த வரிகளுக்குப் பக்கத்தில், ஊதா மையில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். கவாத்து டிசம்பரில் என்று அச்சில் இருந்த இடத்தில் ‘மழை விட்டபின்’. நீர்ப்பாசனத்துக்கு நேரே ‘உப்பு நீர் கூடாது. குளத்து நீர், தவலையில்’. உர அளவை அடித்துவிட்டு ‘நம்ம மண்ணுக்கு இதில் பாதி’. சாய்வில்லாத, நிறுத்தி நிறுத்தி எழுதிய எழுத்து. அதற்கு அடுத்த பக்கத்தில் பூ அளந்த கணக்கு, ஆழாக்கில்.

அங்கேயே உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டேன். அச்சடித்தவர் சொன்னதை ஒருவர் தன் மண்ணிலும் தண்ணீரிலும் வைத்துச் சோதித்துத் திருத்தியிருக்கிறார். நர்சரி அம்மா வாயால் சொன்னதும் இவர் ஊதா மையில் எழுதியதும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்துகின்றன. இரண்டு பேருமே புத்தகம் எழுதவில்லை. ஒருவருடையது பேச்சோடு போகும், இன்னொருவருடையது எடைக்குப் போய்விட்டது. நான் தேடிக்கொண்டிருக்கிற தோட்டப் புத்தகம் இந்த இரண்டு பேரிடமிருந்தும்தான் தொடங்க வேண்டும்.

“சார், அது கிழிஞ்சது, சும்மா எடுத்துக்கங்க” என்றார் கடைக்காரர். சும்மா எடுக்க மனசு வரவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

வெளியே வந்து ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதியும் வசம்பும் வாங்கினேன். வசம்பு புத்தக அலமாரிக்கு. துண்டு துண்டாக நறுக்கித் துணியில் முடிந்து வைத்தால் பூச்சி அண்டாது என்று எங்கள் வீட்டில் பழக்கம். நாற்றை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணி வந்து, மேலூர் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இடத்தில் சாக்கை வைக்க இடம் கேட்டேன். கண்டக்டர் லக்கேஜ் போடவில்லை. “மல்லியாண்ணே? பூத்தா சொல்லுங்க” என்றார்.

அன்னபேதி இரண்டு முறை தெளித்தாயிற்று. புதுக் கொழுந்து பச்சையாக வருகிறது, பழைய இலை அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கையேட்டின் குறிப்புகளை ஒரு நோட்டில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நர்சரி அம்மா சொல்வதையும் தேதி போட்டு அதிலேயே சேர்க்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி யாராவது ஓரத்தில் எழுதிவைத்த பழைய விவசாயப் புத்தகமோ, தோட்டக் கணக்கு நோட்டோ இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மேலூர்ப் பக்கம் என்றால் நானே வந்து பார்த்து, குறிப்பை மட்டும் எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிடுவேன்.