அம்மாவின் வீட்டுக்கு ஒரு மீற்றர்

அம்மாவுக்கு முழங்கால் வலி கூடி, பேஸ்மென்ட் படி ஏறி இறங்க முடியாமல் போனபோதுதான் பின்வளவில் ஒரு சின்ன வீடு கட்டும் யோசனை வந்தது. எனக்கு ரொறன்ரோவுக்குள், ஸ்காபரோவில் வீடு. அண்ணாவுக்கு ரொறன்ரோ எல்லையைத் தாண்டி வேறொரு நகரத்தில். அவருடைய வளவுதான் பெரிது என்பதால் அங்கேயே கட்டலாம் என்று முதலில் பேசிக்கொண்டோம்.

2022 நவம்பரில் ஒன்ராறியோ மாகாண அரசு பில் 23 என்ற வீட்டுச் சட்டத்தை நிறைவேற்றிய பிறகு, நகரத் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள குடியிருப்புக் காணிகளில் மூன்று வீடுகள் வரை இருக்கலாம். மாகாணம் முழுக்க ஒரே சட்டம், எங்கே கட்டினாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம். ஆனால் எத்தனை வீடு என்பதைத்தான் மாகாணம் சொல்கிறது. எவ்வளவு உயரம், வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி, கார் எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தந்த நகரத்தின் கையில்.

அண்ணாவின் நகரத்தில் வீட்டுக்கு ஒரு பார்க்கிங் கேட்டார்கள். மாகாண விதிப்படி அதற்கு மேல் கேட்க முடியாது, ஆனால் அந்த ஒன்றைக் கேட்கலாம். அவருடைய பேஸ்மென்ட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஆக மூன்று இடம் வேண்டும், டிரைவ்வேயில் இரண்டுதான். அகலப்படுத்தலாம் என்றால் முன்பக்கப் புல்தரை குறையக்கூடாது. சரி, அங்கே அது அவ்வளவுதான் என்று என் வளவுக்கே திரும்பினோம்.

ரொறன்ரோவில் கார்டன் சூட்டுக்கு, அதாவது பின்வளவில் கட்டும் இப்படியான சின்ன வீட்டுக்கு, கார் நிறுத்த இடமே கேட்பதில்லை. இரண்டு சைக்கிளுக்கு இடம் இருந்தால் போதும். பின்வளவில் 40 சதவீதம் அல்லது 60 சதுர மீற்றர், இதில் எது குறைவோ அந்தளவு நிலத்தை வீடு பிடிக்கலாம் என்பது நாங்கள் வரைந்தபோது இருந்த விதி. நாங்கள் 48 சதுர மீற்றரில், மாடியில்லாமல் வரைந்தோம். படியே இருக்கக்கூடாது என்பதுதானே நோக்கம்.

எங்களை முதலில் நிறுத்தியது தீயணைப்பு விதி. தெருவிலிருந்து அந்தச் சின்ன வீட்டின் வாசல் வரை ஒரு மீற்றர் அகலம், 2.1 மீற்றர் உயரத்துக்குத் தடையில்லாத பாதை வேண்டும். நீளம் 45 மீற்றருக்குள் இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஹைட்ரன்ட்டும், அதாவது வண்டி தண்ணீர் எடுக்கும் தெருக் குழாயும், 45 மீற்றருக்குள். எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஏசி பெட்டி பாதையை மறித்துக்கொண்டு நின்றது. அதைப் பின்பக்கம் மாற்றினோம். செலவுதான், ஆனாலும் இந்த விதியில் எனக்கு மனக்குறை இல்லை. உள்ளே தூங்கப்போவது வேகமாக எழுந்து ஓட முடியாத எங்கள் அம்மா. யாராவது என்னிடம் கேட்டால், டிசைனருக்குக் காசு கொடுப்பதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கவாட்டை அளந்து பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அப்புறம் மரத்தைப் பாருங்கள்.

பின்வேலியோரம் எங்களுக்கு ஒரு மேப்பிள் நிற்கிறது. தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்தால் குறுக்களவு 44 சென்ரிமீற்றர். 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், சொந்தக் காணியில் நிற்கும் மரம் என்றாலும் ரொறன்ரோவில் அனுமதியில்லாமல் வெட்டவோ காயப்படுத்தவோ முடியாது. இந்தப் பருமனுக்கு அடிமரத்தைச் சுற்றி மூன்று மீற்றரை விட்டுவிட வேண்டும், அதற்குள் தோண்டினாலே காயப்படுத்துவதாகத்தான் கணக்கு. பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் நடுவே ஐந்து மீற்றர் விட வேண்டும் என்பது அப்போதைய நகர விதி. அந்த ஐந்தை விட்டால் சுவர் மரத்துக்கு 2.2 மீற்றரில் வந்து நின்றது. மரத்தைக் கொடுத்துவிடலாம் என்று டிசைனர் சொன்னார். அம்மா சம்மதிக்கவேயில்லை. யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வேம்பைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர் அவர். எனக்கும் மனம் வரவில்லை. பிளானைச் சுருட்டி வைத்தோம்.

2024 நவம்பரில் மாகாணம் புதிய ஒழுங்குவிதி ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நான்கு மீற்றருக்கு மேல் எந்த நகரமும் கேட்க முடியாது என்று அதில் இருந்தது. அன்றிரவே பழைய பிளானை விரித்து வைத்து அளந்தேன். வீட்டை ஒரு மீற்றர் முன்னே இழுத்தால் மரத்துக்கும் சுவருக்கும் 3.2 மீற்றர்.

திருத்திய பிளானோடு மரப் பாதுகாப்பு அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்தோம். பெர்மிட் கிடைத்துவிட்டது. இப்போது மேப்பிளைச் சுற்றிப் பலகை வேலி அடித்திருக்கிறது, அடுத்த கிழமை அத்திவாரம் தோண்ட வருகிறார்கள். சமையலறை யன்னலை மரத்தின் பக்கம் வைக்கச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறார். பிளானில் அது அந்தப் பக்கம்தான் இருக்கிறது.