ஒரே வைஃபை பெயர், இரண்டு நெட்வொர்க்: அப்பாவின் கணினியைக் கீழிருந்து திறந்த கதை

அப்பா திருப்பூரில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறார். சின்னச் சின்ன பனியன் கம்பெனிகள், ஜாப்வொர்க் செய்கிறவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேருடைய கணக்கு, டாலி என்ற கணக்கு மென்பொருளில், மாடி அறைக் கணினியில் இருக்கிறது. போன மாதம் அவருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் படி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். கீழே ஹாலில் கட்டில் போட்ட பிறகு கணினி மேசைக்கு இடமில்லை. அதனால் என் லேப்டாப்பில் இருந்தே மாடிக் கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் (ஒரு கணினியின் திரையை இன்னொரு கணினியில் திறந்து இயக்கும் விண்டோஸ் வசதி) திறந்து கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மாடிக் கணினியில் விண்டோஸ் 11 ப்ரோ. இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஹோம் பதிப்பில் இருந்து இன்னொரு கணினிக்குள் போகலாம், ஆனால் ஹோம் பதிப்பு உள்ள கணினிக்குள் இந்த வழியில் யாரும் வர முடியாது. என் லேப்டாப் ஹோம்தான், அதனால் சிக்கலில்லை. மாடியில் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்தேன். நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் முகவரியான ஐபி எண்ணைக் குறித்துக்கொண்டு, கீழே வந்து லேப்டாப்பில் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று மூன்று காரணங்களை அடுக்கியது: ரிமோட் அனுமதி ஆன் செய்யப்படாமல் இருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், நெட்வொர்க்கில் அது கிடைக்காமல் இருக்கலாம்.

முதல் இரண்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். சந்தேகம், வெளியில் இருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் மேல் போனது. ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விதி ஆன் ஆகித்தான் இருந்தது. இருந்தாலும் ஐந்து நிமிடம் ஃபயர்வாலை முழுக்க நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் அதே செய்தி. உடனே திரும்ப ஆன் செய்துவிட்டேன்.

அப்புறம்தான் லேப்டாப்பையே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே எண்ணைப் போட்டால், பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது! அப்பா அந்தக் கணினிக்குப் பாஸ்வேர்டே வைத்ததில்லை. வெறுமனே விட்டுப் போனால், காலிப் பாஸ்வேர்டுக்கு அனுமதி இல்லை என்று தடுத்தது. விண்டோஸ் இதை வேண்டுமென்றேதான் செய்கிறது; பாஸ்வேர்டு இல்லாத கணக்கில் நேரில் உட்கார்ந்துதான் நுழைய முடியும். அப்பாவிடம் கேட்டு ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். டாலி திரை அப்படியே என் லேப்டாப்பில் விரிந்தது.

கீழே வந்தேன். மறுபடியும் அதே மூன்று காரணங்கள். "வருதா கண்ணு?" என்று அப்பா கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு நாளில் அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

மாடியில் வேலை செய்வது கீழே செய்யவில்லை என்றால் கணினியில் குறை இல்லை, நடுவில் உள்ள பாதையில்தான் குறை. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபி எண்ணைக் காட்டும் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைப் போட்டேன். வந்த எண்ணை மாடிக் கணினியின் எண்ணுக்குக் கீழே, ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன்.

192.168.0.102
192.168.1.34

மூன்றாவது இடத்தைப் பாருங்கள். மேலே 0, கீழே 1. இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாடியில் சிக்னல் வரவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டினோம். மாட்ட வந்தவர் கீழ் ரவுட்டரில் இருந்து கேபிள் இழுத்து மாடி ரவுட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது இன்டர்நெட் வரும் வாயில், செருகிவிட்டு, வைஃபைக்கு அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போனார். செல்போனில் எல்லா இடத்திலும் ஒரே பெயர் தெரிந்ததால் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் என்றே இருந்துவிட்டோம். உண்மையில் மாடி ரவுட்டர் தனக்குப் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க்கை நடத்திக்கொண்டிருந்தது. மேலே இருந்து வெளியே போக வழி விடும். வெளியே இருந்து உள்ளே வர விடாது. கீழ் ரவுட்டருக்கோ 0 வரிசை என்று ஒன்று வீட்டில் இருப்பதே தெரியாது.

சரி, மாடி ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயின்டாக, அதாவது தனி நெட்வொர்க் நடத்தாமல் கீழ் நெட்வொர்க்கின் வைஃபையை மட்டும் பரப்பும் கருவியாக, மாற்ற வேண்டும். புது மாடல்களில் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கும். எங்களுடையதில் இல்லை, கையால்தான் செய்தேன். மாடிக் கணினியில் இருந்து ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் முதலில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்குத் தானாக ஐபி எண் கொடுக்கும் வேலையை, நிறுத்தினேன். பிறகு ரவுட்டரின் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றினேன். அந்த எண் கீழ் ரவுட்டர் பங்கிட்டுக் கொடுக்கும் எண்களுக்குள் வராதபடி பார்த்துக்கொண்டேன். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் இருந்து கழற்றி வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட் ஒன்றில் செருகினேன். இந்த வரிசை முக்கியம். டிஹெச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு ரவுட்டர்கள் எண் கொடுக்க ஆரம்பித்து, வீட்டில் யாருக்கும் நெட் ஒழுங்காக வராது.

மாடிக் கணினியின் கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகியதும் 192.168.1.41 என்று புது எண் வாங்கிக்கொண்டது. நாளைக்கு அந்த எண் மாறினால் அப்பா திண்டாடிவிடுவார். அதனால் கீழ் ரவுட்டரில் அந்தக் கணினியின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) கொடுத்து, 41ஐ அதற்கே ஒதுக்கிவைத்தேன். கணினி தூங்கிப் போகாதபடி ஸ்லீப் நேரத்தையும் எடுத்துவிட்டேன்.

ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை ரவுட்டரில் இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டால் ஆபீசில் இருந்தும் பார்க்கலாமே என்று நண்பன் சொன்னான். அதை மட்டும் செய்யவே மாட்டேன். அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருப்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. 2019இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. பத்துப் பேருடைய கணக்கு இருக்கிற கணினி அது. வெளியில் இருந்து தேவைப்பட்டால், வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய தனி வழி கொடுக்கும் விபிஎன் போட்டுக்கொள்வேன்.

அன்று சாயங்காலமே அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டு பில்களை ஏற்ற ஆரம்பித்தார். மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன அம்மா, "ஏங்க, கம்ப்யூட்டர் தானா லாக் ஆயிருக்குதே" என்று மேலே இருந்து கூப்பிட்டார். "நான்தான் உள்ள இருக்கறேன், தொடாதே" என்றார் அப்பா.