சுருங்கிய வேண்டுதல்

கோவையில் நான் செவிலியராக இருந்த மருத்துவமனையில் 2020இல் கொரோனா வார்டு திறந்தபோது, உறவினர்கள் உள்ளே வர இயலாததால், அவர்கள் வாசலில் கொடுத்துவிட்டுப் போன விபூதிப் பொட்டலம், தர்காவில் மந்திரித்த கயிறு, ஜெபமாலை ஆகியவற்றைக் கட்டில் கட்டிலாகக் கொண்டு சேர்ப்பதும் எங்கள் வேலைகளுள் ஒன்றாயிற்று. அப்போது வேண்டுதல்கள் பெரியவை. பழனிக்கு நடந்து வருவதாகவும் முடி இறக்குவதாகவும், மூச்சு வாங்க வாங்க, நேர்ந்துகொண்டார்கள்.

2021 மே இறுதியில், அன்றாடத் தொற்றில் கோவை சென்னையை முந்திய நாட்களில், அந்த வேண்டுதல்கள் சுருங்கிப்போயிருந்தன. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் 80க்குக் கீழே இறங்கிவிட்ட ஒரு பெரியவர், பிழைப்பேனா என்று கேட்கவேயில்லை. “கொள்ளி வெக்க என்ற பையன உடுவாங்களா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். உடலைப் பொதிந்து கொடுக்கும் விதிமுறைகளை அறிந்திருந்தும், “உடுவாங்கய்யா” என்றேன். கடவுளிடம் கேட்க வேண்டியதை, கவச உடைக்குள் முகம்கூடத் தெரியாத என்னிடம் கேட்கிறாரே என்ற அச்சம் வெகுநாள் நீங்கவில்லை.

அந்த மாதம்தான் கோவையை அடுத்த இருகூரில் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். உடன் பணிபுரிந்தோர் சிரித்தனர்; எனக்குச் சிரிப்பு வரவில்லை. தடுப்பூசி இருக்கும்போது சிலை எதற்கு என்ற அவர்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் உள்ள ஊர் எங்கள் கோவை. அம்மை கண்டால் தாய் இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, நோயாளியின் அருகிலேயே அமர்ந்திருந்த வழக்கம் நம்முடையது. இந்த நோயோ அருகில் அமர்வதையே தடுத்துவிட்டது. பெயரளவிலாவது அதைத் தாயாக்கிக்கொள்ள முயன்றார்கள் என்றே எனக்குப் பட்டது.

என் நம்பிக்கை போயிற்றா என்று அம்மா பலமுறை கேட்டார். போகவில்லை, ஆனால் பேரம் பேசும் பழக்கம் போய்விட்டது. 2021 செப்டம்பரில் வழிபாட்டுத் தலங்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை சாத்தியிருந்ததால், வெள்ளிக்கிழமைதோறும் கோனியம்மன் கோவிலுக்குச் செல்லும் நான், ஒரு செவ்வாய்க்கிழமை சென்றேன். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். முன்பெல்லாம் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வரிசையாக ஒப்பிப்பவள், அன்று சாமி பேருக்கே செய்துவிடுங்கள் என்றேன்.