இடது கையால் திறக்க முடிகிறதா?

உயர் அழுத்த மின்கம்பித் தடத்தை மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பார்த்து வருவது என் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். டவருக்கு டவர் நின்று தொலைநோக்கியில் இன்சுலேட்டர்களைப் பார்க்க வேண்டும். விரிசல், கருகல், கம்பியை நெருங்கும் மரக்கிளை என்று எது கண்ணில் பட்டாலும் டவர் எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும். கம்பிக்குக் கீழே ஓடுவதைப் பாதை என்று சொல்ல முடியாது. மழை அரித்த பள்ளம், உருளைக் கல், முட்புதர். ஜீப் போகாத இடத்துக்கும் மண்பாதை வண்டி போகும். ஆளுக்கு ஒரு பகுதி என்பதால் தனியாகப் போவதுதான் வழக்கம்.

அன்று காலை ஒன்பதரை மணி இருக்கும். 47ஆம் டவரைத் தாண்டிய இறக்கத்தில், மழைநீர் கிழித்த பள்ளத்துக்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டது. அப்படி மாட்டிக்கொண்டால் ஹேண்டில்பாரை ஒடித்து வெளியே எடுக்கப் பார்க்கக் கூடாது. எடையைப் பின்னுக்குத் தள்ளி, பார்வையைத் தூரத்தில் வைத்து, பள்ளம் முடியும் வரை வண்டியை அதன் போக்கில் விட வேண்டும். புதிதாக வருகிற பையன்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று என் கண் பள்ளத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டது, விரல்கள் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டன. அதற்கு அடுத்த நொடி இன்றுவரை நினைவில் இல்லை.

நினைவு வந்தபோது வலது பக்கமாகக் கிடந்தேன். வலது கால் வண்டிக்கு அடியில். வலது தோளைக் கொஞ்சம் அசைத்தாலும் எலும்போடு எலும்பு உரசுவது காதுக்கே கேட்டது. கால் சைலன்சரில் சுடாமல் இருந்ததற்கு முழங்கால் வரை வரும் கெட்டியான பூட்ஸ்தான் காரணம். அதைப் போட்டுக்கொண்டு டவரடியில் நடப்பது சிரமம் என்று எத்தனையோ நாள் அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலுதவிப் பெட்டி இருந்தது. வண்டியின் வலது பக்கப் பையில், வண்டிக்கு அடியில் இருந்தது. போன் ஹேண்டில்பார் பிடிப்பானிலிருந்து தெறித்துப் போய் என் தலைக்கு இரண்டு மீட்டர் தள்ளிக் கிடந்தது. அதன் கண்ணாடியில் வானம் தெரிந்தது, கை எட்டவில்லை. என் உடம்போடு இருந்தவை இரண்டே பொருள்கள்: முதுகில் தண்ணீர்ப் பை, கழுத்தில் தொலைநோக்கி.

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் திரும்பாவிட்டால்தான் சப்ஸ்டேஷனில் யாராவது என்னைப் பற்றி யோசிப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. காலை ஒன்பதரைக்கும் மாலை ஆறுக்கும் இடையில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க யாருக்கும் காரணம் இல்லை. வலியைவிட அந்தக் கணக்குதான் பயமுறுத்தியது.

தட்டையான ஒரு கல்லை எடுத்து, காலுக்கு அடியில் இருந்த மண்ணை இடது கையால் கிளற ஆரம்பித்தேன். வண்டியைத் தூக்க முடியாது, ஆனால் காலுக்குக் கீழே குழி பறிக்கலாம் அல்லவா? பத்து முறை கிளறுவது, மூச்சு வாங்குவது, ஒரு வாய் தண்ணீர். கால் வெளியே வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. போனை எட்டிப் பிடித்தேன். சிக்னல் இல்லை. அவசர எண்ணுக்கு எங்கிருந்தும் அழைப்பு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். நம் நெட்வொர்க் கிடைக்காத இடத்தில் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அதன் வழியே போகும், உண்மைதான். எந்தச் சிக்னலுமே இல்லாத பள்ளத்தில் அதுவும் போகாது.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஓடி வந்து ஹெல்மெட்டைக் கழற்றப் போனார். "ஐயா, வேண்டாங்க, கழுத்துல அடி இருக்கலாம்" என்றேன். மூச்சுவிடத் தடை இல்லாத வரை, பழக்கம் இல்லாதவர்கள் ஹெல்மெட்டில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. அவர் உடனே கையை எடுத்துவிட்டார். "சரி தம்பி, அசையாம இருங்க. யாருக்குச் சொல்லணும், சொல்லுங்க" என்றார். போனைத் திறக்க என் வலது கட்டைவிரல் ரேகைதான் பதிவாகியிருந்தது. அந்தக் கையைத் தூக்க முடியவில்லை, நடுங்கிய இடது கையால் கடவு எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்ட பிறகுதான் திறந்தது. எங்கே இருக்கிறோம் என்று சொல்வதில் மட்டும் சிரமமே இருக்கவில்லை. "மேட்டுக்குப் போய், நாற்பத்தேழாம் டவர்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். டவரில் அடித்திருக்கும் எண் பலகையை அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார். எங்கள் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர மேலும் இரண்டு மணி நேரம் ஆனது.

காறை எலும்பு நடுவில் உடைந்திருந்தது. தோள் அடிபட்டு விழுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் அங்கேதான் உடையும். அறுவை தேவைப்படவில்லை, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தொட்டில் கட்டு போதும் என்றார்கள். முழங்காலின் உள்பக்கத் தசைநார் பிய்ந்திருந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, மருத்துவமனையில் அன்று இரவு முழுக்க அவர்கள் மணிக்கு ஒருமுறை கால் விரல்களை அசைத்துப் பார்த்துக் கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்ததுதான். நசுங்கிய காலுக்குள் வீக்கம் ஏறினால், தசையைச் சுற்றியுள்ள உறை விரியாது. உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டமே நின்றுவிடலாம். அடிக்குப் பொருந்தாத அளவு வலி, விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி வந்தால் உடனே அந்த உறையைக் கீறித் திறந்துவிட வேண்டும், மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது என்று இரவுப் பணியிலிருந்த மருத்துவர் விளக்கினார். தலையில் அடிபட்டு நினைவு தப்பியதால் தூக்கத்திலும் எழுப்பி எழுப்பிப் பெயர் கேட்டார்கள். ஹெல்மெட்டில் வெளியே கீறல் மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் அதை மறுபடி போடக் கூடாது, உள்ளே இருக்கும் நுரை ஒருமுறைதான் நசுங்கும்.

எலும்பு ஆறுவது மெதுவான வேலை. உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. சில வாரங்களில் அது குருத்தெலும்பு மாதிரியான மென்மையான இணைப்பாகிறது. அதற்குப் பிறகே சுண்ணச்சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. பெரியவர்களுக்கு இதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். முதல் மூன்று வாரம் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினேன். பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டுச் சின்னச் சின்ன வட்டம் போட வேண்டும். நாள் முழுவதும் அதற்காகக் காத்திருப்பேன். வட்டம் ஒரு விரற்கடை பெரிதானால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

அந்த ஒற்றைக்கை நாட்களில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. வண்டியிலிருந்து மீட்டெடுத்த முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் திறந்து பார்த்தேன். தாழ்ப்பாள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் திறந்தது. கட்டுத் துணிகள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள். பல்லால் கடித்துக் கிழித்தேன். முக்கோணத் துணியை ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. உடம்புச் சூடு போகாமல் காக்கும் வெள்ளித்தாள் போர்வை, உள்ளங்கை அளவுக்கு மடித்தது, மின்விசிறிக் காற்றிலேயே பிரிக்க முடியாமல் பறந்தது. அதற்கு முன் அந்தப் பெட்டியை வருடத்துக்கு ஒருமுறை திறந்து, பொருள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஒருவன், மேசைமேல் வைத்துச் சரிபார்த்த பெட்டி அது. அதைத் திறக்கப் போகிறவனோ அடிபட்டுத் தரையில் கிடக்கிறவன்.

மிச்சமிருந்த விடுப்பில் அதை ஒவ்வொன்றாக மாற்றினேன். ஜிப் நுனிகளில் கயிற்று வளையம் கட்டினேன். முடிச்சுக் கட்டுக்குப் பதிலாக வெல்க்ரோ வைத்த எலாஸ்டிக் கட்டு. ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டையை உறையிலிருந்து எடுத்து, கையிலோ காலிலோ நுழைத்து மாட்டுகிற மாதிரி வளையத்தைப் பெரிதாக்கி மடித்து, ரப்பர் வளையம் போட்டு வைத்தேன். அதை மூட்டின் மேல் போடக் கூடாது. காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, ரத்தம் நிற்கும் வரை குச்சியைத் திருக வேண்டும், போட்ட நேரத்தை எழுத வேண்டும். பழகுவதற்கென்று தனியாக ஒன்று வாங்கினேன், ஏனென்றால் பழகிப் பழகி நைந்ததை உண்மையான காயத்துக்கு நம்ப முடியாது. விசிலைச் சட்டைக் காலரிலேயே தைத்துவிட்டேன். இடது கட்டைவிரலையும் போனில் பதிந்தேன்.

இவை எல்லாம் இப்போது மார்புப் பட்டையில் இருக்கின்றன. வண்டியில் இல்லை. நிர்வாகம் வாங்கிக் கொடுத்த அவசரக் குறிகாட்டியும் அங்கேதான். 406 மெகாஹெர்ட்ஸில், காஸ்பஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுத் தேடல்-மீட்பு ஏற்பாட்டின் செயற்கைக்கோள்களுக்குச் செய்தி அனுப்பும் கருவி. 1982 முதல் அந்த ஏற்பாடு உயிர்களைக் காத்து வருகிறது. ஒருமுறை இயக்கினால் குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பும், போன் சிக்னல் தேவையில்லை. ஆனால் வானம் தெரிய வேண்டும், உரிமையாளர் விவரத்தை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்.

ஐந்தாம் மாதம் வண்டியில் ஏறினேன். சமதரையிலேயே விரல்கள் முன் பிரேக்கைத் தேடின. ஒரு வாரம் மைதானத்தில் பிரேக் பிடிப்பதை மட்டும் பழகினேன், மெதுவாக, தளர்ந்த மண்ணில், மறுபடி மறுபடி. 47க்கு முதல் முறை போனபோது இறங்கி, அந்தப் பள்ளத்தை நடந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த முறைதான் ஓட்டிக் கடந்தேன்.

திரும்பிய பிறகு நான் விடாப்பிடியாக நின்றது ஒரு விஷயத்துக்குத்தான். பத்து டவருக்கு ஒருமுறை செய்தி. சிக்னல் கிடைக்காத பகுதி என்றால், எத்தனை மணிக்கு எந்தக் கோடியில் வெளியே வருவோம் என்று முன்பே எழுதிவிட்டுப் போக வேண்டும். அரைமணி தாமதமானால் அழைக்க வேண்டும், ஒரு மணி ஆனால் இரண்டு பேர் கிளம்ப வேண்டும். "சின்னப் பிள்ளைங்களா நாங்க?" என்று மூத்தவர்கள் கோபப்பட்டார்கள். "ஆறு மணிக்குத்தான் தேடுவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒன்பதரைக்குத் தரையில கிடந்து பார்த்தவன் அண்ணே நான்" என்றேன். அதற்குமேல் யாரும் மறுக்கவில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் இளைய பையன் ஒருவனிடமிருந்து 80ஆம் டவருக்கான செய்தி வரவில்லை. அழைத்தால் போன் அணைந்திருந்தது. ஒரு மணி ஆனதும் நானும் இன்னொருவரும் கிளம்பினோம். 78க்கு அடியில், வண்டியைச் சாய்த்துவிட்டு, மழைக்கோட்டோடு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். பின் டயர் பஞ்சர், போனில் தண்ணீர் இறங்கிவிட்டது. அடி எதுவும் இல்லை. கூட வந்தவர், "இதுக்கா இவ்வளவு தூரம் ஓடி வந்தோம்" என்று முணுமுணுத்தார்.

பையன் எழுந்து வந்தான். "நடந்து போயிடலாம்னு முதல்ல நினைச்சேன் அண்ணே. அப்புறம், ஒரு மணி நேரத்துல வந்துருவீங்களேன்னு டவரை விட்டு நகரல" என்றான். டியூபைக் கழற்ற உட்கார்ந்தோம். டார்ச்சை அவனே பிடித்துக்கொண்டான்.