தோளுக்குத் தகுந்த தோட்டா

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு அக்டோபர் சனிக்கிழமை, விஸ்கான்சினில் மேடிசனுக்கு மேற்கே ஒரு சுடுதளத்தில், பக்கத்து வீட்டுப் பெரியவர் என் மானத்தை வாங்கினார். "நீ சுடு, தோட்டாவை நான் போடுகிறேன்" என்று என் ரைபிளைக் கையில் எடுத்துக்கொண்டார். நான்காவது முறை விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம்தான். ஆனால் குழல் முனை இரண்டு விரற்கடை கீழே குனிந்து எழுந்தது. என் கண்கள் இறுக மூடியிருந்தன.

மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவை எனக்குத் தெரியாமல் போட்டிருந்தார் மனிதர். துப்பாக்கி உதைக்கப் போகிறதே என்று உடம்பு முன்கூட்டியே பதறுவதை வெடிச்சத்தம் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தெர்மாஸிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

அதற்கு முந்தைய நவம்பரில் ஒரு பெட்டை மானைச் சுட்டு, ஓக் சருகுகளில் இரத்தத் துளியைத் தேடிக்கொண்டே இருட்டும்வரை நடந்திருந்தேன். ஒரு சருகில் இரத்தத்தோடு பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலையில்தான் கிடைத்தது, அதுவும் கோயோட்டுகள் (இங்கத்து நரி மாதிரி) தின்றது போக மிச்சம். வருடம் முழுக்க ரைபிள் மேல் இருக்கும் தொலைநோக்கியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 'டிக்' கேட்ட பிறகு எதையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

அந்த ரைபிளில் போடுவது .30-06. 1906-ல் ராணுவத்துக்காக வந்த தோட்டா, அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் நிறையப் பேர் வீட்டில் இருக்கும். ரைபிள் கிரீன் கார்டு வரும் முன்பே வாங்கியது. விசாவில் இருப்பவர்கள் இங்கே துப்பாக்கி வாங்க வேட்டை உரிமம் ஒரு வழி. முதல் துப்பாக்கி என்பதால், பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிட்டேன். வெள்ளைவால் மான் என்ன காட்டெருமையா? எங்கள் காட்டில் 100 கஜத்துக்கு மேல் பார்வையே போகாது.

உதை குறைய வேண்டுமென்றால் தோட்டா சின்னதாக வேண்டும். சரி, சின்னத் தோட்டா எது? பெரியவர் 7எம்எம்-08-ஐச் சொன்னார். அலுவலகத்தில் ஒருவர் 6.5 கிரீட்மூர் என்றார். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் .243 வின்செஸ்டரில் போய் நின்றேன், ஏனென்றால் இருப்பதில் உதை அதில்தான் குறைவு, மகளும் ஒருநாள் வருகிறேன் என்கிறாள். .308 என்ற தோட்டாவின் கழுத்தை, அதன் நுனியில் உட்காரும் குண்டு 6 மில்லிமீட்டராகும்படி குறுக்கி 1955-ல் கொண்டுவந்தது. உதை .30-06-ல் ஏறக்குறைய பாதிதான்.

என் அப்பா நகைப் பட்டறைக்காரர். குன்றிமணி வைத்து எடை போட்ட கை. அதனால் எனக்கு எல்லாம் பவுன் கணக்கில்தான் புரியும். குண்டை இங்கே கிரெய்னில் எடை போடுகிறார்கள்; நம் நெல்லெடை மாதிரி, ஒரு தானிய மணியிலிருந்து வந்த அளவு. நான் சுட்டுக்கொண்டிருந்த 180 கிரெய்ன் குண்டு கிட்டத்தட்ட ஒன்றரைப் பவுன். இப்போது சுடுவது 85 கிரெய்ன், முக்கால் பவுன்கூட வராது. உள்ளே போடும் மருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. தோள் எதற்கு அழுதது என்று தெரிந்துபோயிற்று.

".243 மானைக் காயப்படுத்தும், கொல்லாது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் வளை தோண்டும் சின்னப் பிராணிகளுக்கும் கோயோட்டுக்கும் செய்த, மெல்லிய செம்பு உறை போட்ட ஈயக் குண்டை மானுக்குப் போட்டிருப்பார்கள். அது தோள்பட்டை எலும்பில் பட்டதும் பொடிந்துபோகும், நுரையீரல்வரை போகாது. தப்பு குண்டின் மேல். கொலராடோவில் மானுக்குக் குறைந்தபட்சம் .24 அங்குலக் குண்டு வேண்டும் என்பது சட்டம்; .243 அதில் மயிரிழையில் தேறிவிடும்.

நல்ல ஈயக் குண்டுகள் இல்லாமல் இல்லை. நோஸ்லர் பார்ட்டிஷன் என்று ஒன்று 1948-லிருந்து இருக்கிறது. நடுவில் செம்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி கட்டுக்கோப்பாக உள்ளே போகும். அதையே வாங்கியிருப்பேன். வீட்டில்தான் தடை. 2008-ல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்குத் தானமாக வந்த கொத்திய மான் கறியில் ஈயத் துணுக்குகள் இருந்ததால் அதைக் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்லியிருந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு, "ஏங்க, பிள்ளை தட்டில் ஈயமா?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. முழுச் செம்புக் குண்டு, பார்ன்ஸ் கம்பெனியுடையது.

செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிவிடும். நீளக் குண்டு தள்ளாடாமல் பறக்க வேண்டுமென்றால் குழலுக்குள் திருகாக வெட்டிய வரிகள், அதாவது புரி, இன்னும் நெருக்கமாகச் சுழற்ற வேண்டும். இதில் ஒரு பழைய கதை உண்டு. .243 வந்த அதே 1955-ல் ரெமிங்டன் .244 என்று ஒன்றை இறக்கியது. குண்டும் அதே விட்டம்தான். ஆனால் புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று; .243-க்கு 10. மானுக்கான 100 கிரெய்ன் குண்டுக்கு 12 போதாது என்று ஜனங்கள் ஒதுக்கிவிட்டார்கள். என் குழலும் 10தான், அதனால்தான் 85 கிரெய்னோடு நிறுத்திக்கொண்டேன்.

தோட்டாவை நானே கட்டுகிறேன். நிலவறையில் ஒரு சின்ன பிரஸ், ஒரு தராசு, அப்பாவின் பட்டறை இடுக்கி. சுட்ட பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீளம் 2.045 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் செதுக்கி, புது ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தால் பட்டறை வாசனை இல்லாத குறை ஒன்றுதான். மருந்தின் அளவை இங்கே எழுத மாட்டேன். கையேட்டில் உள்ள கீழ் அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், என் குழலுக்கு ஒத்தது உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்று இல்லை. உதை குறையட்டும் என்று மெதுவாக எரியும் மருந்தைக் கீழ் எல்லைக்கும் கீழே குறைப்பவர்கள் ஜாக்கிரதை. அழுத்தம் தாறுமாறாக எகிறித் துப்பாக்கியே உடையலாம். மகளின் பழகு தோட்டாக்களுக்கு ஹாட்ஜ்டன் எச்4895 என்ற மருந்து வைத்திருக்கிறேன், அதை உச்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

ஒரு கோடை முழுக்க இலக்குத் தாளில் மூன்று ஓட்டைகளை ஒரே ஓட்டையாக்கப் பாடுபட்டேன். ஒரு அங்குலத்துக்குப் பரவியிருந்தது முக்கால் அங்குலம் ஆனது. பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை 100 கஜத்தில் குத்தி வைத்தார். "மேஜை வேண்டாம். உட்கார்ந்து சுடு. மானின் நெஞ்சு இவ்வளவுதான்." பத்தில் ஆறு. அன்றிலிருந்து தராசை விட்டுவிட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். செப்டம்பர் கடைசியில் பத்தில் பத்து.

நன்றிசொல்லல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை, மான் வேட்டை சீசனின் முதல் நாள். ஆரஞ்சு மேலங்கியோடு மரத்தின் மேல் உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. ஏழரை மணிக்கு ஒரு கிளைக்கொம்பன், எழுபது கஜம். சுட்டேன். இந்த முறை தொலைநோக்கிக்குள் மானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குண்டு பட்டதும் முதுகை வளைத்ததும், நாற்பது அடி ஓடி முன்னங்கால் மடங்கியதும் தெரிந்தன. துப்பாக்கி உதைத்ததா என்றே நினைவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னால், "ஏண்டா, மானைப் போயா சுடுவே?" என்கிறாள். ஊரில் அது ஜெயில் சமாச்சாரம், அவள் கேட்பதும் நியாயம்தான்.

கறியை உடனே சமைக்கவில்லை. எங்கள் பகுதியில் மான்களுக்கு மூளையைத் தின்னும் ஒரு நோய் 2002-லிருந்து இருக்கிறது, தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் 'இல்லை' என்று பதில் வந்தது. அன்று ராத்திரி மிளகு வறுவல். சுட்ட பித்தளைக் கூடு இன்னும் மேலங்கிப் பையிலேயே கிடக்கிறது, அச்சில் போட வேண்டும்.